நூறு சதவீத வால்யூம் பிறந்த கதை

விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து கணினித் திரையின் கீழ் வலது மூலையில் ஒரு குட்டி ஸ்பீக்கர் படம் இருக்கிறது. அன்று அது மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதை இருமுறை தட்டினால் ஒரு சாளரம் விரியும். அதில் நெடுக்குப் பட்டைகள் பக்கம் பக்கமாக நிற்கும்: வால்யூம் கன்ட்ரோல், வேவ், சிடி ஆடியோ, லைன் இன், மைக். பட்டைகளின் ஓரத்தில் எண் எதுவும் கிடையாது. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும், அவ்வளவுதான். கணினியில் பாட்டு கேட்பதில் அக்கறை உள்ளவர்கள் அப்போது ஒரு யோசனை சொல்வார்கள்: "மெயினை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்று. வேவ் பட்டையை மட்டும் முக்காலில் நிறுத்து." ஏன் என்று கேட்டால், "முழுசா ஏத்தினா சவுண்ட் உடையும்" என்பார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். அந்த முக்காலுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. ஹெட்போனில் நல்ல ஒலி கேட்க எந்தப் பட்டையை எங்கே வைப்பது என்று இன்று குழம்புகிறவர்களுக்கான விடையும் அந்தக் கதைக்குள்தான் கிடக்கிறது.

ஆரம்பத்தில் ஒலி காதில் விழுவதே பெரும்பாடாக இருந்தது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜோடி ஹெட்போனைச் செய்து, சோதித்துப் பார்க்கும்படி அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். கடற்படையின் கம்பியில்லாத் தந்திக்காரர்களிடம் அதற்குமுன் இருந்த கருவிகளைவிட அதில் நன்றாகக் கேட்டது. கடற்படை நூறு ஜோடி வேண்டும் என்றபோது, ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்றார் பால்ட்வின். பட்டறை இன்னும் சமையலறையில்தான் இருந்தது. அந்த ஹெட்போனில் வால்யூமைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை, தேவையும் இல்லை. ஆன்டெனாவில் சிக்கிய துளி மின்சாரம் எதனாலும் பெருக்கப்படாமல் நேரே காதுக்கு வந்தது. அதில் ஒரு சொட்டும் வீணாகாமல் ஒலியாக மாற்றித் தருவதுதான் பால்ட்வினின் கெட்டிக்காரத்தனம்.

அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கும் வால்வு வந்ததும் நிலைமை மாறியது. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் செய்த மூன்று முனை வால்வை டெலிபோன் பொறியாளர்கள் மேம்படுத்தினார்கள். 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்தது. வழியில் தேய்ந்துபோகும் குரலை ஆங்காங்கே பெருக்கிகள் தூக்கிவிட்டன. எவ்வளவு தேய்கிறது, எவ்வளவு தூக்க வேண்டும் என்று கணக்குப் போட அவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. கையில் இருந்தது 'ஒரு மைல் கேபிள்'. குறிப்பிட்ட தடிமனுள்ள டெலிபோன் கேபிளில் ஒரு மைல் தூரம் போனால் குரல் எவ்வளவு குறையுமோ அதுதான் ஓர் அலகு. பழகிய காதுக்கு மட்டுமட்டாகத் தெரியும் வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது அதன் அழகு. ஆனால் கேபிள் கீச்சுக்குரலை அதிகமாக விழுங்கும், கட்டைக்குரலைக் குறைவாக விழுங்கும். அலகே சுருதிக்குத் தகுந்தபடி மாறினால் கணக்கு எப்படி நிற்கும்? அதனால் 1924-இல் பெல் டெலிபோன் நிறுவனத்தார் கேபிளை விட்டுவிட்டு மடக்கை விகிதத்தில் ஓர் அலகை வைத்துக்கொண்டார்கள். 1928-இல் அதற்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரைச் சேர்த்து டெசிபல் என்றார்கள்.

இந்த அலகின் குணத்தைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது. டெசிபல் தனியாக எதையும் அளப்பதில்லை; ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறது. 10 டெசிபல் கூடினால் மின் திறன் பத்து மடங்கு ஆகிறது, ஆனால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். 0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று அர்த்தமல்ல. நாம் எதை அடையாளக் கோடாக வைத்தோமோ அந்த இடம் என்று அர்த்தம். அந்தக் கோட்டை யார் எங்கே கிழித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டு ரேடியோவுக்கு வருவோம். 1920-களின் ரேடியோ பலவற்றில் சத்தத்தைக் குறைக்க, வால்வின் இழைக்குப் போகும் மின்சாரத்தையே குறைத்தார்கள். சத்தம் குறையும், கூடவே தரமும் கெடும். பிறகு கார்பன் பூசிய தடத்தில் ஒரு முள் நகரும் பொட்டென்ஷியோமீட்டர் வந்தது. நம் ரேடியோ மெக்கானிக்குகள் வாயில் அது வெறும் 'பாட்'. தடத்தில் சீராகக் கார்பன் பூசினால் ஒரு சிக்கல் இருக்கிறது. குமிழைப் பாதி திருப்பினால் மின்னழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது பெரிய மாற்றமே இல்லை. முக்கியமான மாற்றமெல்லாம் குமிழின் முதல் சிறு திருப்பத்துக்குள் அடங்கிவிடும். தொட்டால் அலறும், விட்டால் அடங்கும். அதனால் பாதித் திருப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோ மின்னழுத்தம் வரும்படி, தடத்தின் முதல் பகுதிக்கு ஒரு வகைக் கார்பனும் அடுத்த பகுதிக்கு வேறு வகைக் கார்பனும் பூசினார்கள். இதுதான் 'லாக் பாட்'. காதின் கணக்குக்கு ஏற்றபடி கையின் கணக்கை வளைத்தது இந்த எளிய உருப்படி. ஒலித் தொழில்நுட்பத்தில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

ஸ்டீரியோ வந்ததும் ஒரே தண்டில் இரண்டு தடங்கள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. இரண்டு பூச்சும் நூலிழை பிசகாமல் ஒன்றுபோல் அமைவது கடினம். மேலே போகப்போக வித்தியாசம் தெரியாது. குமிழின் அடிப்பகுதியில் நன்றாகத் தெரியும். ஸ்பீக்கரில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஹெட்போனில் பாடகரின் குரல் தலையின் நடுவிலிருந்து நழுவி ஒரு காதோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெச்சரும் வில்டன் மன்சனும் இன்னொரு உண்மையை அளந்து காட்டினார்கள். ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு வெவ்வேறு சுருதிகளில் ஒலிகளைக் கேட்கவைத்து, எது எதற்குச் சமமான சத்தமாகத் தோன்றுகிறது என்று கேட்டுக் குறித்தார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காது கட்டை ஒலிகளை மிகவும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. சத்தம் கூடக்கூட அந்தக் குறை நீங்குகிறது. தவிலும் பேஸ் கிடாரும் சத்தமாக வைத்தால்தான் 'வந்து விழுகின்றன' என்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது சத்தம் அதிகமாக இருப்பதே தரமானது என்று மனம் தீர்ப்பு சொல்லிவிடுவதற்கும் இதுவே காரணம். ஹெட்போனுக்கு எந்த அமைப்பு நல்லது என்று சோதிக்கிறவர் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் சோதித்தால் ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோவார்.

இனி பூஜ்யத்தின் பயணத்துக்கு வருவோம். 1939-இல் அமெரிக்க ரேடியோ நிறுவனங்களான சிபிஎஸ், என்பிசி இரண்டும் பெல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து ஒலிப்பதிவுக்கென்று ஒரு மீட்டரைத் தரப்படுத்தின. பழைய டேப் ரெக்கார்டர்களின் முகப்பில் முள் துள்ளும் விளக்கொளி மீட்டரைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த முகம்தான். அதன் அளவு இடப்பக்கம் −20-இல் தொடங்கி வலப்பக்கம் +3-இல் முடியும். பூஜ்யம் ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டினால் சிவப்பு. தாண்டலாம், ஆனால் யோசித்துத் தாண்ட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். டேப்பும் வால்வும் அப்படிப்பட்டவை. அளவு மீறினால் சட்டென்று உடையாமல் மெல்ல மெல்ல நசுங்கும்.

ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸரில் உருண்டைக் குமிழ்களுக்குப் பதில் மேலும் கீழும் தள்ளும் பட்டைகள் வந்தன. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பொறியாளர் டாம் டவுடை இதன் முன்னோடி என்று சொல்வார்கள். விரல்களால் ஒரே நேரத்தில் பல பட்டைகளை ஆள முடிந்தது. அந்தப் பட்டைகளிலும் பூஜ்யம் உச்சியில் இல்லை. முக்கால் உயரத்தில் இருக்கும், அதற்கு மேலே +10 வரை எழுதியிருக்கும். பாடகர் மெதுவாகப் பாடிவிட்டால் தூக்கிவிட இடம் வேண்டுமே. மிக்ஸரில் வேலை செய்கிறவர் பட்டையைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குவார். கணினித் திரையில் வந்த பட்டையின் தாத்தா இந்த மிக்ஸர் பட்டைதான்.

டிஜிட்டல் ஒலி வந்தபோது பூஜ்யம் உச்சிக்கு ஏறிவிட்டது. ஒலியை எண்களாக எழுதலாம் என்று அலெக் ரீவ்ஸ் பாரிஸில் 1930-களின் இறுதியிலேயே கண்டிருந்தார். வீட்டுக்கு அது 1982 அக்டோபரில் ஜப்பானில் வெளியான சிடி பிளேயராக வந்தது. 16 பிட், அதாவது 65,536 படிகள். ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல் தருவதால் மொத்தம் சுமார் 96 டெசிபல் வீச்சு. இதில் மிகப்பெரிய எண்ணைத்தான் 0 டெசிபல் என்று வைத்தார்கள். அதற்கு மேலே நசுங்கக்கூட இடம் இல்லை, எண்ணே இல்லை. அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். காதில் அது பிசிறாக, சுரண்டலாக விழும். மீட்டரில் சிவப்பு என்பது எச்சரிக்கையாக இருந்த காலம் போய், சுவராகிவிட்டது.

மேலே சுவர் என்றால் கீழே வேறொரு சங்கடம். எண்ணைக் குறைத்து வால்யூமைக் குறைக்கும்போது ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் போகிறது. 16 பிட்டில் 36 டெசிபல் குறைத்தால் 10 பிட்தான் மிஞ்சும். 65,536 படிகளில் வரைந்த அலையை 1,024 படிக்குள் வரையச் சொல்வது, இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஐந்து புள்ளிக்குள் போடச் சொல்வது மாதிரி. சத்தமான இடங்களில் தெரியாது. வீணையில் தந்தியை மீட்டிவிட்டு விரலை எடுத்தபின் நாதம் தேய்ந்து தேய்ந்து காற்றோடு கரைகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள், அங்கேதான் தெரியும். மெல்லக் கரைய வேண்டியது மணல் அரைபடுகிற மாதிரி முடியும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி லிப்ஷிட்ஸும் ஜான் வாண்டர்கூயும் 1980-களில் இதற்கு மருந்தைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். எண்ணைக் குறைத்து எழுதும்போது மிகச் சிறிய இரைச்சலைத் தெரிந்தே கலந்தால் அந்த அரைபடல் போய், காதை உறுத்தாத மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சும். கடைசிப் படிக்கும் கீழே உள்ள நாதம்கூட அதற்குள் கேட்கும். இந்த மருந்தை எல்லா மென்பொருளும் போட்டதில்லை.

இப்போது கணினி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்குத் தெரிந்தது 'பீப்' மட்டும். அதன் சத்தத்தைக் குறைக்கக் குமிழ் கிடையாது. 1987-இல் கனடாவின் அட்லிப் கார்டு வந்தது. 1989-இல் சிங்கப்பூரிலிருந்து சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. இரண்டின் பின்பக்கத்திலும், ஹெட்போன் செருகும் துளைக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் உருட்டும் ஒரு சின்னச் சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தது. வால்யூம் வேண்டுமென்றால் கணினிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவித் திருப்ப வேண்டும். அசௌகரியம்தான். ஆனால் ஒலித்தரத்தைப் பொறுத்தவரை அது சரியான இடத்தில் இருந்தது. எண்கள் முழு உயரத்தில் ஒலியாக மாறிய பிறகுதான் அந்தச் சக்கரம் அதைக் குறைத்தது. சிப்பின் இரைச்சலும் ஒலியோடு சேர்ந்தே குறைந்தது. 8 பிட் மட்டுமே கொண்ட அந்த முதல் சவுண்ட் பிளாஸ்டரிடம் இழப்பதற்குப் பிட் ஏது?

1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டில் இந்த வேலைக்கென்று ஒரு மிக்ஸர் சிப் இருந்தது. மென்பொருள் கட்டளையிட்டால் அது 32 படிகளில், படிக்கு 2 டெசிபலாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். குமிழ் பின்பக்கத்திலிருந்து திரைக்கு வந்தது இப்படித்தான். திரையில் நகர்வது படம்தான் என்றாலும், உள்ளே சிப்பில் நடப்பது நிஜமான அனலாக் குறைப்பு.

பிறகு 1997-இல் இன்டெல் ஏசி'97 என்ற தரத்தை வகுத்தது. தனிக் கார்டு வாங்க வேண்டாம், மதர்போர்டிலேயே மலிவாக ஒலி என்பது அதன் வாக்குறுதி. அடுத்த சில ஆண்டுகளில் நம்மூரில் விற்ற கணினிகளிலும் இதுவே நிறைந்தது. இந்தத் தரத்தில் இரண்டு வால்யூம்கள் முக்கியமானவை. ஒன்று மாஸ்டர்: உச்சியில் 0 டெசிபல், அங்கிருந்து படிக்கு 1.5 டெசிபலாக −46.5 வரை இறங்கும். இது குறைக்க மட்டுமே தெரிந்தது. இன்னொன்று பாட்டு வரும் பிசிஎம் வழி, விண்டோஸ் 'வேவ்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இதன் பூஜ்யம் உச்சியில் இல்லை. கீழே −34.5, மேலே +12. ஸ்டூடியோ மிக்ஸரின் பழக்கம் அப்படியே இங்கே வந்துவிட்டது.

மொத்தப் படிகளை எண்ணிப் பாருங்கள். கீழ்ப்படியைப் பூஜ்யமாக வைத்தால் மேல்படி 31. உச்சியிலிருந்து 12 டெசிபல் இறங்க 8 படி. 0 டெசிபல் வருவது 23-ஆவது படியில். 31-க்கு 23 என்றால் 74 சதவீதம். லினக்ஸில் ஒலி அமைப்பைத் திறந்தால் அந்த எண் கண்ணெதிரே தெரிந்தது: 74-இல் வைத்தால் உள்ளபடி, அதற்கு மேலே போனால் பெருக்கல். விண்டோஸில் டிரைவர் எழுதியவர் எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்தது. எண் இல்லாத அந்தப் பட்டையின் உச்சியை இயல்பான இடம் என்று நம்பி ஏற்றியவருக்கு +12 டெசிபல் கிடைத்திருக்கலாம். ஏற்கெனவே சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிடி ஒலிக்கு அதற்கு மேலே நான்கு மடங்கு மின்னழுத்தம் கொடுத்தால் உடையாமல் என்ன செய்யும்? "வேவை முக்காலில் நிறுத்து" என்று சொன்னவர்கள் காதால் கண்டுபிடித்தது இந்த 74-ஐத்தான்.

இதில் சிப் செய்தவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. உயர்த்த இடம் விட்டது நல்ல எண்ணம்தான். மிக்ஸர் பட்டையை வடிவத்தோடு திரைக்குக் கொண்டுவந்து, அதன் ஓரத்தில் இருந்த எண்களை மட்டும் அழித்துவிட்டதுதான் பெரும் பிழை. பூஜ்யம் எங்கே என்று ஒரே ஒரு கோடு போட்டிருந்தால் லட்சக்கணக்கானோர் உடைந்த ஒலியைக் கேட்டு ஹெட்போனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2004-இல் இன்டெல்லின் ஹெச்டி ஆடியோ வந்தது, 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. விஸ்டாவில் ஒலி அமைப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். அதுவரை ஒரு மென்பொருள் வேவ் பட்டையை இறக்கினால் எல்லா மென்பொருளின் சத்தமும் இறங்கும். விஸ்டாவில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை கிடைத்தது. உள்ளே கணக்கெல்லாம் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் நடக்கத் தொடங்கியது. அந்த எண்களுக்குள் ஒலியை நூறு மடங்கு குறைத்து மறுபடி நூறு மடங்கு கூட்டினாலும் காதுக்குத் தெரியும்படி எதுவும் இழப்பதில்லை. கடைசியில் சிப்புக்குப் போகும் வாசலில்தான் சுவர் இருக்கிறது. மேலே 100 என்ற எண்ணும் இப்போது வந்தது. பொதுவாக அந்த 100 என்பது 'உள்ளபடி', அதாவது 0 டெசிபல். பட்டையின் உச்சியும் பூஜ்யமும் ஒருவழியாக ஒன்றுசேர்ந்தன.

உங்கள் விண்டோஸ் கணினியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் உங்கள் ஹெட்போனுக்கான பிராப்பர்டீஸைத் திறந்து, லெவல்ஸ் என்ற தாவலில் அந்த எண்மீது வலது பொத்தானை அழுத்துங்கள். சதவீதத்தை டெசிபலாக மாற்றும் வசதி வரும். 50 என்பது சத்தத்தில் பாதி அல்ல, வேறு ஏதோ எதிர்மறை எண் என்பது அங்கே தெரியும். அந்தக் கால லாக் பாட் செய்த வளைப்பை இங்கே மென்பொருள் செய்கிறது.

அப்படியானால் ஹெட்போனுக்கு எதை எங்கே வைப்பது? பாட்டைப் பாடவைக்கும் மென்பொருளையும் யூடியூப் மாதிரி பக்கங்களின் சொந்தப் பட்டையையும் 100-இல் வைத்துவிடலாம். அதற்கு மேலே போகக் கூடாது. விஎல்சியில் நெடுநாள் 200 சதவீதம் வரை ஏற்ற முடிந்தது. வசனம் கேட்காத படத்துக்கு அது உதவும். பாட்டுக்கு அது பழைய +12-இன் மறுபிறவிதான். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் தூக்குகிறவர்கள் அதிலேயே இருக்கும் ப்ரீஆம்ப்பை 6 டெசிபல் இறக்க வேண்டும். தூக்கியதற்கு இடம் வேண்டும், இடம் கீழே இருந்துதான் வர முடியும். இதைச் செய்யாமல் "பேஸ் வைத்தால் பிசிறடிக்கிறது" என்று புதிய ஹெட்போன் வாங்குகிறவர்கள் நிறைய.

ஹெட்போனை நேரே மடிக்கணினியில் செருகிக் கேட்கிறவர், சத்தத்தைக் குறைக்க விண்டோஸின் பட்டையைத் தயங்காமல் இறக்கலாம். சிப்புக்கு 24 பிட் போகும்படி அட்வான்ஸ்டு தாவலில் அமைத்துக்கொண்டால் போதும். 40 டெசிபல் குறைத்தாலும் 17 பிட் மிஞ்சும், சிடியைவிட அதிகம். 'பட்டையை எப்போதும் 100-இல் வை, இல்லாவிட்டால் தரம் போகும்' என்ற பழைய உபதேசம் 16 பிட் காலத்தில் பிறந்தது. இன்று அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

ஆனால் குமிழ் உள்ள தனி ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவருக்கு அந்த உபதேசத்தில் இன்னும் உயிர் இருக்கிறது, காரணம் மட்டும் வேறு. சிப்பிலிருந்து எப்போதும் மாறாத ஒரு மெல்லிய இரைச்சல் வருகிறது. கணினியில் எண்ணைக் குறைத்தால் பாட்டு மட்டும் இறங்கி அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் போகும். குமிழில் குறைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆகவே கணினியை மேலே வைத்துக் குமிழால் குறைப்பதே நல்லது. இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னே சொன்ன இரட்டைத் தடத்தை நினைத்துப் பாருங்கள். குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் போதும் என்றாகி, குரல் ஒரு காதுக்குச் சாய்ந்தால், கணினிப் பட்டையை 10 அல்லது 15 டெசிபல் இறக்கிவிட்டுக் குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். 24 பிட்டில் அந்த 15 டெசிபல் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு காதிலும் ஒலி சமமாக விழுவதுதான் பெரிது. ஆம்ப்ளிபயரில் கெயின் சுவிட்ச் இருந்தால் அதைத் தாழ்த்துவது இன்னும் நல்ல வழி. பாட்டே ஓடாதபோதும் காதுக்குள் 'ஸ்ஸ்' என்று கேட்பவர்களுக்கும் அதுதான் மருந்து. அந்த இரைச்சல் பட்டைக்குப் பின்னால் பிறக்கிறது, பட்டையை நகர்த்தி அதைக் குறைக்க முடியாது.

புளூடூத் ஹெட்போனில் குழப்பம் ஒன்று கூடுதல். கருவியிலும் ஹெட்போனிலும் தனித்தனி வால்யூம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டும் 'அப்சல்யூட் வால்யூம்' ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. பட்டையை நகர்த்தினால் ஹெட்போனுக்குள் இருக்கும் வால்யூமே நேரடியாக நகரும். அப்படி இணையாத ஜோடியென்றால் அனுப்பும் பக்கத்தை மேலே வைத்து, ஹெட்போன் பொத்தானால் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சரியாக வைத்தாலும் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் கை பட்டைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. சுவரைத் தொடும்வரை ஒலியை அமுக்கி ஏற்றிப் பதிவு செய்யும் போட்டி 1990-களில் தொடங்கி, 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தில் ரசிகர்களே புகார் சொல்லும் அளவுக்குப் போனது. 2001-இல் டேவிட் ராபின்சன் 'ரீப்ளேகெயின்' என்ற யோசனையை முன்வைத்தார்: உச்சத்தை அளக்காதே, காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறது என்பதை அளந்து, அதற்குத் தக்கபடி ஒவ்வொரு பாட்டையும் இறக்கு. 2010-இல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் இதே கருத்தை ஆர்128 என்ற பரிந்துரையாக வகுத்தார்கள். இன்று ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட சேவைகள் தாமாகவே பாட்டுகளை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. அமைப்புகளில் 'நார்மலைஸ்' என்றிருப்பதை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் அதை அணைக்க வேண்டாம். அது பாட்டை அமுக்குவதில்லை, பெரும்பாலும் மொத்தமாக இறக்கிவைக்கிறது. அப்படி இறக்கும்போது எம்பி3-ஐ விரிக்கையில் சுவரைத் தாண்டித் துள்ளும் முனைகளுக்கும் இடம் கிடைக்கிறது.

ஆனால் 100 என்ற எண் ஒன்றை மட்டும் சொல்லவே சொல்லாது: காதுக்குள் எவ்வளவு சத்தம் என்பதை. காதுக்குள் நுழைக்கும் 16 ஓம் இயர்போனுக்குக் காது கிழிவது, 300 ஓம் சென்ஹைசர் ஹெச்டி 600-க்குச் சாதாரணச் சத்தமாக இருக்கும். பட்டை ஒன்றுதான், எண் ஒன்றுதான். 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வெளியிட்ட தரம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பெரியவருக்கு 83 என்றால் 20 மணி நேரம், 89 என்றால் 5 மணி நேரம்தான். பேருந்திலோ மின்விசிறிக்கு அடியிலோ கேட்கும்போது வெளிச்சத்தத்தை மூழ்கடிக்கப் பட்டையை ஏற்றுகிறோம். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையை மாற்றினாலே பல டெசிபல் இறக்கலாம். வீட்டில் அளக்கக் கருவி இல்லாதவர் பாட்டை ஓடவிட்டு, கையெட்டும் தூரத்தில் இருப்பவரை இயல்பான குரலில் பேசச் சொல்லிப் பார்க்கலாம். வார்த்தை புரியாவிட்டால் பட்டையை இறக்குங்கள்.